சுத்துவண்டியை நேராக்கினார்கள்

அலுவலகத்தில் அவரை ஸ்கேல் சார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அவர் காதில் விழாத தூரத்தில். நகரத்தில் எந்தப் பேருந்து எந்த வழியில் போக வேண்டும் என்று தீர்மானிக்கிற பிரிவுக்கு அவர் தலைவர். வரைபடத்தில் ஒரு வளைவைக் கண்டால் போதும், மனுஷனுக்கு உடம்பே அரிக்கும். இழுப்பறையிலிருந்து ஸ்கேலை எடுத்து வளைவின் இரண்டு முனைகளையும் சேர்த்து வைத்து, "இப்படிப் போனா என்னவாம்?" என்பார். கெட்ட மனுஷன் இல்லை. வளைவு பிடிக்காது, அவ்வளவுதான்.

அவருக்குக் கீழே வேலை பார்ப்பவள் நம்ம மேப் மேடம். எந்நேரமும் கக்கத்தில் ஒரு வரைபடச் சுருளோடு அலைவதால் டிப்போ ஆட்கள் வைத்த பெயர் அது. அவளுக்கும் தெரியும், கோபம் இல்லை. கோபப்படத் தெம்பும் இல்லை. புருஷன் கடல் கடந்த வேலையில் இருக்கிறான். அவளும் மகளும் அண்ணன் வீட்டில் இருக்கிறார்கள். அம்மாவும் அங்கேதான். ஒரு பக்கம் கை கால் விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருகிற அம்மா. காலையில் எல்லோரும் எழுந்திருப்பதற்குள் மேப் மேடம் குளித்து முடித்து விரைவு ரயிலுக்கு ஓடிவிடுவாள். மகளுக்கு முத்தம் கொடுப்பது தூக்கத்திலேயே நடக்கும். அதற்குப் பிறகு வீட்டில் நடப்பதெல்லாம் அண்ணியின் பொறுப்பு.

அந்த நடப்பது என்னவென்றால், அண்ணி குழந்தையையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சுத்துவண்டியில் ஏறுவாள். குடியிருப்பில் கிளம்பி, முக்கிய சாலைக்குப் போகாமல் உள்ளே திரும்பி, பள்ளிக்கூடம், வைத்தியசாலை, சந்தையின் பின்வாசல் என்று தெருத்தெருவாக நுழைந்து, கடைசியில் போனால் போகிறது என்று முக்கிய சாலைக்கு வந்து சேரும் பஸ் அது. அலுவலகம் போகிற அவசரக்காரர்களுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வண்டி என்பார்கள். அண்ணி பள்ளிக்கூடத்தில் இறங்கிக் குழந்தையை விடுவாள். அடுத்த வண்டியில் ஏறி வைத்தியசாலையில் இறங்கி அம்மாவைப் பயிற்சி கொடுக்கிறவரிடம் ஒப்படைப்பாள். மறுபடி ஏறி முக்கிய சாலைக்குப் போவாள். ஒரே டிக்கெட்டில் அரை நாள் ஏறி இறங்கலாம் என்பதால் இதெல்லாம் முடிந்தது.

முக்கிய சாலையில் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. மூன்று மாதமாகத்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில், பின்னறையில் உட்கார்ந்து லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. காலையில் ரெண்டு மணி நேரம். மகன் வெளியூர் விடுதிக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று தானே போய்க் கேட்டு வாங்கியது. நேரத்துக்கு ஒழுங்காக வந்தால் அடுத்த மாதத்திலிருந்து நிரந்தரம் என்று கடைக்காரம்மா சொல்லியிருந்தாள். அதிலிருந்து அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணாடியைப் பார்த்து, "இது சரியா உக்காரல. மூக்குல தடம் விழுது பாருங்க" என்பாள். அண்ணன் சிரிப்பார். "பெரிய கண் டாக்டர்" என்பார். வீட்டில் யாரும் அதை ஒரு வேலையாக எண்ணவில்லை. மேப் மேடமும் சேர்த்துத்தான், அவளை மட்டும் நான் விட்டுவைப்பானேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

வீடு வீடாகப் போய், இந்த வீட்டில் யார் யார் எங்கெங்கே போகிறார்கள் என்று கேட்டு வருவதற்கு அவளுடைய அலுவலகம் ஆட்களை அனுப்பியிருந்தது. எப்படிக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குப் பாடம் எடுத்தவளே இவள்தான். ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது, ஆள் இல்லையென்றால் மறுபடி போக வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, அடியில் கோடும் இழுத்தவள். அப்படிப் பயிற்சி பெற்ற ஒருவர் அவள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றார். நாற்பது வயசு இருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அட, மேடம் வீடா இது?" என்று சிரித்தார்.

தண்ணீர் கொடுத்தாள். அவள் சீருடைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் உள்ளே குறட்டை. அண்ணி அம்மாவுக்கு மருந்து வாங்கப் போயிருந்தாள், அதே சுத்துவண்டியில். அவள் அலுவலகம் போவதையும் வருவதையும் சொன்னாள். அண்ணன் பைக்கில் போவதையும் வருவதையும் சொன்னாள். அம்மா நோயாளி, தனியாக வெளியே போவதில்லை என்றாள். சின்னப் பிள்ளைகள் கணக்கில் சேர்த்தி இல்லை.

"அண்ணி?"

"அவங்க சும்மா வீட்லதான் இருக்காங்க."

வாய் தானாகச் சொன்னது. எத்தனையோ வருஷமாக அண்ணியைப் பற்றி யார் கேட்டாலும் எல்லோரும் சொல்கிற வாசகம். அவர் எழுதப்போன பேனாவை நிறுத்தி, "அவங்க இல்லையே மேடம், நான் வேணா சாயங்காலம் மறுபடி வரட்டுமா?" என்று கேட்கத்தான் செய்தார். அவருடைய செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததை அவள் பார்த்தாள். பாவமாக இருந்தது. தனக்கும் இஸ்திரிப் பெட்டி சூடு ஆறிக்கொண்டிருந்தது.

"வேண்டாம், இதுக்கு எதுக்கு இன்னொரு நடை. நான்தான் சொல்றேனே" என்றாள்.

இதை அவள் பிறகு நினைத்துப் பார்க்கவே இல்லை. நினைத்துப் பார்க்க அதில் என்ன இருக்கிறது?

கணக்கெல்லாம் வந்து சேர்ந்த செவ்வாய்க்கிழமை ஸ்கேல் சார் எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் வரைபடம் விரிந்திருந்தது. அவர் கையில் ஸ்கேல். எந்த வளைவின் மேல் அது உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்ததும் மேப் மேடம் மேஜையை நெருங்கினாள்.

"சுத்துவண்டி. உள்ள திரும்புற இடத்துல இறங்கறதுக்கு ஆளே இல்ல" என்றார். "டிக்கெட் எல்லாம் முதல் ஸ்டாப்புல வாங்கினதுதான். எங்க இறங்கறாங்கன்னு தெரியாம இருந்துச்சு. இப்ப வீட்டுக் கணக்கும் வந்தாச்சு. அந்தப் பக்கம் போறவங்க விரல் விட்டு எண்ணலாம். நேராக்கிட்டா பன்னிரண்டு நிமிஷம் மிச்சம்."

"யாருக்கு சார்?" என்றாள் அவள்.

"ஆபீஸ் போறவங்களுக்கு. வேற யாருக்கு?"

"சார், அந்த வண்டி காலைல நிக்க இடமில்லாம போகுது."

"போகுது. முதல் ஸ்டாப்புல ஏறி ரோட்டுக்கு வர்ற கூட்டம். அவங்களைத்தான் நாம காக்க வைக்கிறோம்."

அவள் தாள்களை வாங்கிப் புரட்டினாள். வீட்டுக்கு வீடு ஒரு வரியிலாவது "சு" என்று எழுதியிருந்தது. இது அங்கே பழைய வேடிக்கை. 'சும்மா வீட்டில் இருப்பவர்' என்று முழுசாக எழுத யாருக்குக் கை வரும்? சு என்று போட்டுவிடுவார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர் சு என்று கண்டால் போக்குவரத்து இல்லை என்று ஒரு சுழி போடுவார். "இன்னைக்கு எத்தனை சு?" என்று டீ குடிக்கும்போது கேட்டுச் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள்.

"இது தப்பு சார்" என்றாள். "இவங்க யாரும் சும்மா இல்ல. பிள்ளையைக் கொண்டு விடறாங்க, ஆஸ்பத்திரி போறாங்க, சந்தைக்குப் போறாங்க. யாரைக் கேட்டு இப்படி எழுதினாங்க? அந்தப் பொம்பளைங்களையே கேட்டாங்களா? இல்ல, வீட்ல உக்காந்திருந்த ஆம்பளை வாயில வந்ததைச் சொன்னாரா?"

சுவரோரம் நின்ற கணக்கெடுப்பவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். அந்தத் தேய்ந்த செருப்புக்காரர்.

"ஆம்பளைங்க மட்டும் இல்ல மேடம்" என்றார் மரியாதையாகத்தான். "எல்லா வீட்லயும் அதையேதான் சொன்னாங்க. உங்க வீட்லயும் அண்ணி சும்மாதான் இருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. நான் மறுபடி வரேன்னு கூடக் கேட்டேன்."

குத்திக்காட்டுகிற ஆள் இல்லை அவர். தன் மேல் தப்பில்லை என்று சொல்லிக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் அறையில் இருந்த அத்தனை பேரும் மேஜையைப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் சுண்டிப் போயிற்று. தாள்களை மேஜையில் திருப்பி வைத்தாள்.

ஸ்கேல் சார் அந்த நேரத்தில் பெருந்தன்மையாகவே நடந்துகொண்டார். "வெள்ளிக்கிழமை கையெழுத்து. அதுக்குள்ள ஏதாவது இருந்தா கொண்டு வாங்க" என்றார்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அவள் அண்ணியோடு சுத்துவண்டியில் ஏறினாள். அண்ணியிடம் சும்மா வரேன் என்று சொல்ல வந்து, அந்தச் சொல்லே நாக்கில் இடற, "வேலை விஷயமா வரேன்" என்றாள். அண்ணி அதற்குள் அம்மாவுக்கு உடுத்தி, செருப்பு மாட்டி, பையில் துண்டும் மாற்றுத் துணியும் வைத்து, குழந்தைக்குத் தலை வாரி முடித்திருந்தாள். மேப் மேடத்திடம் கொடுக்கப்பட்டது தண்ணீர் பாட்டில்.

வண்டி நிறையப் பெண்கள். மடியில் பிள்ளை, காலடியில் கூடை, தோளில் யாரோ ஒரு கிழவரின் கை. பள்ளிக்கூடம் வந்ததும் பாதி வண்டி இறங்கியது. முந்தின வண்டியில் இறங்கிப் பிள்ளைகளை விட்டவர்கள் இதில் ஏறினார்கள். வைத்தியசாலை வாசலில் அதேபோல. அம்மாவை இறக்கும்போது அண்ணி முதலில் தான் இறங்கித் திரும்பி நின்று, அம்மாவின் நல்ல கையைத் தன் தோளில் போட்டு, "ம், இப்ப" என்றாள். அம்மா இறங்கினாள். இது தினமும் நடக்கிறது என்பதே மேப் மேடத்துக்கு அன்றுதான் உறைத்தது. தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும். மாதா மாதம் தண்ணீர் வரி கட்டுவது தெரிந்தமாதிரி தெரியும்.

கடையின் பின்னறையில் அண்ணி ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிட்டாள். பேச்சில்லை. தேய்க்கிற சக்கரத்தில் லென்ஸை லேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்தாள். கடைக்காரம்மா மேப் மேடத்தை ஓரமாக அழைத்து, "உங்க அண்ணி கை வெச்சா ஒரு கீறல் விழாது. எங்க இருந்தாங்க இவ்வளவு நாளா?" என்று கேட்டாள்.



வெள்ளிக்கிழமை அவள் பார்த்ததையெல்லாம் ஸ்கேல் சாரிடம் கொட்டினாள். நேற்று எழுந்ததிலிருந்து எங்கெங்கே போனீர்கள் என்று அந்தப் பெண்களையே மறுபடி கேட்க வேண்டும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். மூக்கில் தடம் விழுந்திருந்தது.

"ஒரு காலைல ஒரு வண்டியைப் பாத்தது கணக்கு ஆகுமா மேடம்? நீங்களே சொல்லுங்க. மேல இருந்து என்னையும் நெருக்கறாங்க. ஒரு வண்டி மிச்சம் பிடிச்சுக் காட்டணும். அடுத்த வருஷக் கணக்கெடுப்புல நீங்க சொல்றமாதிரி கேப்போம். நானே எழுதி வைக்கிறேன்."

அடுத்த வருஷம். அவள் வாக்குவாதம் செய்திருக்கலாம். செய்யவில்லை. அலுத்துப் போயிருந்தாள். இன்னொன்றும் உண்டு, அதை மறைப்பானேன்: பிரிவின் மற்றக் கையெழுத்துகளுக்குக் கீழே அவளுடையதும் தேவைப்பட்டது, போட்டாள்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைச் சொன்னாள். திங்கட்கிழமையிலிருந்து சுத்துவண்டி உள்ளே திரும்பாது, நேரே முக்கிய சாலை.

"ஸ்டாப்புல நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க, பாத்தேன்" என்றாள் அண்ணி. அவ்வளவுதான் சொன்னாள்.

"அப்ப பள்ளிக்கூடத்துக்கு?" என்றாள் அம்மா.

"ரெண்டு வண்டி மாறணும்" என்றாள் மேப் மேடம். "வைத்தியசாலைக்கு அதுக்கு மேல இன்னொண்ணு. கடைக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆயிடும்."

அண்ணன் தட்டிலிருந்து தலை நிமிராமல், "அதுக்கென்ன இப்ப. ரெண்டு மணி நேர வேலைதானே, விட்டுடட்டும். பின்னால பாத்துக்கலாம்" என்றார். உப்பு கொஞ்சம் குறைகிறது என்பதைச் சொல்கிற குரல்.

"நீ பைக்ல தனியாத்தானே போற, பள்ளிக்கூடத்துல இறக்கி விடேன்" என்றாள் தங்கை.

"நான் நேரா போறவன். சுத்திட்டுப் போனா எனக்கு லேட் ஆகும்."

தங்கையும் மனசுக்குள் அண்ணியின் காலையிலிருந்து அந்த வேலையைத்தான் கழித்துக்கொண்டிருந்தாள். வேறு எதைக் கழிப்பது? வருத்தமாகத்தான் இருந்தது. ரொம்ப வருத்தமாகவே இருந்தது. ஆனால் கழித்தாயிற்று.

பாத்திரம் ஒதுக்கும்போது அடுப்படியில் அண்ணியிடம் போய் நின்றாள்.

"அண்ணி, அன்னைக்குக் கேக்க வந்தவர்கிட்ட நான்தான் சொன்னேன். நீங்க சும்மா வீட்லதான் இருக்கீங்கன்னு. நீங்க அப்ப மருந்து வாங்கப் போயிருந்தீங்க."

அண்ணி குழாயை நிறுத்தினாள். கோபப்படுவாள் என்று இவள் எதிர்பார்த்தாள். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

"நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றாள் அண்ணி. "இருபது வருஷமா அதைத்தானே சொல்லிட்டு வரேன். பாங்குல கேட்டாலும் அதுதான், பள்ளிக்கூடத்துல கேட்டாலும் அதுதான்." கையைத் துடைத்துக்கொண்டாள். "நீ போய்ப் படு. கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு."

சனியும் ஞாயிறும் வழக்கம்போலப் போயின. அண்ணி துணி துவைத்தாள், சமைத்தாள், அம்மாவுக்குக் கை கால் நீவி விட்டாள். வேலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஞாயிறு சாயங்காலம், "உன் ஆபீஸ்ல திங்கக்கிழமை கொஞ்சம் தாமதமா வரேன்னு சொல்லி வை" என்றாள். வண்டி மாறுவது முதல் நாள், துணைக்கு ஆள் வேண்டும்போல என்று இவள் நினைத்தாள். அதையாவது செய்வோம் என்று சரி என்றாள்.

திங்கட்கிழமை காலை மேப் மேடம் அறையிலிருந்து வெளியே வந்தபோது அண்ணி புடவை கட்டி, தலை வாரி, தோளில் கைப்பையோடு வாசலில் நின்றிருந்தாள். பையில் துண்டும் இல்லை, மாற்றுத் துணியும் இல்லை. தட்டையாக இருந்தது. குழந்தை வாசற்படியில் ஒரு பக்கம் பின்னல் போட்டும் ஒரு பக்கம் போடாமலும் உட்கார்ந்திருந்தது. அம்மா நாற்காலியில். அண்ணன் பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வண்டி நேரா போகுதாமே" என்றாள் அண்ணி. "பன்னிரண்டு நிமிஷம் முன்னாடியே கடை வாசல்ல இறக்கிடும். நானும் நேராவே போயிடறேன். பாப்பாவையும் அத்தையையும் நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கங்க."

"என்ன இது, திடீர்னு?" என்றார் அண்ணன்.

"திடீர்னு இல்லைங்க. வெள்ளிக்கிழமையே நோட்டீஸ் ஒட்டிட்டாங்க."

போய்விட்டாள். சண்டை போட்டுவிட்டுப் போகிறவளின் நடை இல்லை. வேலைக்குப் போகிற நடை. தெருமுனையில் பஸ்ஸின் சத்தம் கேட்டது, நின்றது, கிளம்பியது.

மேப் மேடத்துக்கு முதலில் வந்தது கோபம். இவ்வளவு பேசாமல் இருந்துவிட்டு இப்படியா என்று சுர்ரென்று வந்தது. அந்தக் கோபம் யார் மேல் என்று பார்த்தபோது வெட்கமாகப் போயிற்று. மூன்று நாளாக இந்த வீட்டில் அண்ணியின் காலையிலிருந்து எதைக் கழிப்பது என்று யோசித்த இரண்டு பேருக்கும் கடையைத் தவிர வேறொன்று நினைவுக்கு வரவில்லை. ஒரு நகரத்தையே மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரிகிறவளுக்கும் வரவில்லை.

"எனக்கு லேட் ஆகுது" என்றார் அண்ணன்.

"எனக்கும்தான்" என்றாள் தங்கை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அண்ணன் குழந்தையைப் பார்த்தார். "இந்தப் பின்னலை எப்படிப் போடறது?" என்று குழந்தையிடமே கேட்டார்.

மேப் மேடம் அம்மாவின் முன்னால் மண்டியிட்டுச் செருப்பை எடுத்தாள். பட்டைகள் நிறைய இருந்தன. ஒன்று கணுக்காலுக்குப் போவதுபோல இருந்தது, இன்னொன்று எங்கே போகும் என்று தெரியவில்லை. ஏதோ ஒன்றை இழுத்து ஏதோ ஒன்றில் மாட்டினாள். அம்மா முகத்தைச் சுளித்தாள்.

"வலிக்குதாம்மா?"

"அது இந்தக் கால் செருப்பு இல்லடி" என்றாள் அம்மா.